240இசட்டுக்கு எந்த டர்போ இன்ஜின், எவ்வளவு பாடி வேலை: ஓர் ஒப்பீடு

டாட்சன் 240இசட் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இரண்டு. எல்28இடி, ஆர்பி25டிஇடி, எஸ்ஆர்20டிஇடி ஆகிய மூன்று டர்போ இன்ஜின்களில் எதைப் போடலாம்? பாடியை எந்த அளவுக்குக் கெட்டிப்படுத்த வேண்டும்? பெரும்பாலானவர்கள் முதல் கேள்விக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதை இன்ஜின் உள்ளே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் காசு வீணாகிறது. இறக்கிய இன்ஜினை மறுபடி தூக்கி, புது வயரிங்கைப் பிரித்து, பெயின்ட்டைச் சுரண்டி அப்புறம் வெல்டிங் செய்ய வேண்டி வரும். எந்த இன்ஜின் என்பதைப் பாடிதான் முடிவு செய்யும். அந்த வரிசையிலேயே இந்தக் கட்டுரையும் போகிறது.

1969 கடைசியில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வந்த எஸ்30 வரிசை வண்டி இது. சுமார் 1,045 கிலோ எடை, 2,393 சி.சி. ஆறு சிலிண்டர் எல்24 இன்ஜின், அன்றைய மொத்தக் கணக்கில் 151 குதிரைசக்தி. பிறவியிலேயே பலவீனமான பாடி என்று இதைச் சொல்ல முடியாது. 1971-இலும் 1973-இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது 240இசட்தான். 1973-இல் ஓட்டியவர் சேகர் மேத்தா. அந்தப் பாதைகளைத் தாங்கிய பாடி இன்று நெளிகிறது என்றால், ஐம்பது வருடத் துருவும் அந்தக் காலத்தில் இல்லாத முறுக்குவிசையும்தான் காரணம்.

## முதலில் அளக்க வேண்டியவை

துரு. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச் லைட்டும் போதும். பேட்டரித் தட்டுக்குக் கீழே ஆசிட் சொட்டி ஃபிரேம் ரெயில் (பாடியின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம்) தின்னப்பட்டிருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். அடுத்து முன் சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் டென்ஷன் ராடு வந்து உட்காரும் கிண்ணம், தரைத் தகடு, கதவுக்குப் பின்னால் சக்கர வளைவு தொடங்கும் மூலை, ஸ்பேர் டயர் குழி. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பதுதான். கழற்றி விட்டால் கதவுக்கு முன்னால் ராக்கர் பானல் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம்) எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ரெயிலில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் இன்ஜின் பேச்சை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பின்பக்கம் எவ்வளவு தாங்கும். குதிரைசக்தி எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிஃபரன்ஷியலையும் பாடியையும் முறுக்குவது முதல் கியரில் போகும் விசை. எல்24 தரும் 198 நியூட்டன் மீட்டரை, நான்கு கியர் பெட்டியின் முதல் கியர் விகிதமான 3.592-ஆலும், டிஃபரன்ஷியலின் கடைசி விகிதமான 3.364-ஆலும் பெருக்கினால் அச்சில் ஏறக்குறைய 2,390 நியூட்டன் மீட்டர். எல்28இடியின் 275-ஐ அதே கியர்பாக்ஸில் வைத்தால் 3,320. பூஸ்ட்டை (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம்) ஏற்றி 400 நியூட்டன் மீட்டர் தரும் ஆர்பி25-ஐ, அதன் சொந்த கியர்பாக்ஸின் 3.321 விகிதத்தோடு வைத்தால் 4,470. அதாவது தொழிற்சாலை நினைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எவ்வளவு வெட்ட வேண்டும், திருப்பி வைக்க முடியுமா. 2020 ஜனவரியில் மாற்றம் எதுவும் செய்யாத ஒரு 1971 மாடல் 240இசட் ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. எல்லா வண்டிக்கும் அந்த விலை வராது. ஆனாலும் பாடி எண்ணோடு எண் பொருந்தும் அசல் இன்ஜினும் துரு இல்லாத பாடியும் இருந்தால், வெட்டிய இடத்தை ஒட்டவைப்பது எளிதல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டம். கலிபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. 240இசட்டும், அதே வரிசையில் அடுத்து வந்த 260இசட்டும் தப்பிக்கும். அதற்கும் அடுத்த 280இசட்டில் 1976 முதல் 1978 வரையிலானவை மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் விற்கப்படாத ஆர்பி25-ஐ அந்த 280இசட்டில் போட்டுச் சோதனையைத் தாண்டுவது பெரும்பாடு. மற்ற ஊர்களில் இன்ஜின் மாற்றத்துக்குப் பொறியாளர் சான்று கேட்பார்களா என்று இன்ஜின் வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

## எல்28இடி: சொந்தக்கார இன்ஜின்

1981 முதல் 1983 வரை 280இசட்எக்ஸ் டர்போவில் வந்தது. 2,753 சி.சி., 180 குதிரைசக்தி. 275 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வெறும் 2,800 சுற்றிலேயே கிடைத்துவிடும். எல்24-இன் அதே குடும்பம் என்பதால் இன்ஜின் மவுன்ட் வேலை மிகக் குறைவு. பழைய கியர்பாக்ஸும் நேராகப் பொருந்தும். அசல் எல்24-ஐத் துணி போர்த்திக் கொட்டகையில் வைத்துவிட்டால், என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். இந்த ஒரு வசதிக்காகவே பலருக்கு இதுதான் சரியான தேர்வு.

தொந்தரவுகளும் உண்டு. அசல் கம்ப்யூட்டரும், மடல் வைத்த காற்று அளவு மீட்டரும் நாற்பது வருடம் பழையவை. 1981 மாடல் கிராங்க் புல்லியிலிருந்து சிக்னல் எடுக்கும்; 1982, 83 மாடல்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒளி சென்சாரிலிருந்து எடுக்கும். இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். வெளிக் கம்ப்யூட்டர் போடப் போகிறீர்கள் என்றால் 82, 83 டிஸ்ட்ரிபியூட்டரையே தேடுங்கள்.

பிஸ்டன்கள் வார்ப்பில் செய்தவை. அசல் பூஸ்ட் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) சற்றுக் கீழே, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது. இன்டர்கூலர் இல்லாமல் பூஸ்ட்டை ஏற்றினால் நாக்கிங் வரும், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும். நாக்கிங் வந்தால் முதலில் உடைவது ரிங்குகளுக்கு இடையிலுள்ள வரப்பு, அடுத்து ஹெட் கேஸ்கெட். இன்டர்கூலர், புது இன்ஜெக்டர், ஒழுங்கான டியூனிங் மூன்றும் சேர்ந்தால் 0.7 பார் வரை நிம்மதியாக ஓட்டலாம்.

இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் இடப்பக்கமே இருப்பது எல் வரிசையின் பிறவிக் குறை. இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள அமெரிக்க வண்டியில் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் அதே பக்கம் நிற்கின்றன. டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்புக்கு வெப்பத் துணி சுற்றுவதோடு நிறுத்தாமல், இடையில் ஒரு தகடு மறைப்பும் வையுங்கள்.

## ஆர்பி25டிஇடி: பலம் அதிகம், கணக்கும் அதிகம்

நிசானின் ஆர்33 ஸ்கைலைனில் வந்த 2,498 சி.சி. இன்ஜின். 250 குதிரைசக்தி, 4,800 சுற்றில் 294 நியூட்டன் மீட்டர். ஒரு பக்கம் காற்றை வாங்கி மறுபக்கம் புகையை விடும் ஹெட், 24 வால்வு. ஆறு சிலிண்டர் என்பதால் இசட்டின் குணம் மாறாது; சத்தமும் பொருத்தமாகவே இருக்கும். 350 குதிரைசக்திக்கு மேல் வேண்டும் என்பவர்கள் எல்28இடியை இழுத்துப் பிடிப்பதைவிட இங்கே தொடங்குவது நல்லது. அந்த அளவுக்கு எல்28-ஐத் திறந்து ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடும் செலவில் ஆர்பி வேலை பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஆனால் வாங்கிய கையோடு செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். பல ஆர்பி கிராங்குகளில் ஆயில் பம்பைச் சுழற்றும் தட்டையான பகுதியின் அகலம் குறைவு. உயர் சுற்றில் அதிர்வு வந்தால் பம்ப் கியர் நொறுங்கும். அடுத்த நொடி ஆயில் அழுத்தம் பூஜ்யம். கிராங்கில் காலர் ஏற்றி, கெட்டியான பம்ப் கியர் போடுவதுதான் தீர்வு. அதற்குக் கிராங்கைக் கழற்ற வேண்டும்.

இன்னொன்று, ஹெட்டுக்கு ஆயில் அளவுக்கு மீறி ஏறும்; இறங்கிவரும் வழி குறுகல். ரேஸ் டிராக்கில் நீண்ட நேரம் உயர் சுற்றில் ஓட்டினால் சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) வற்றிப் பேரிங் போய்விடும். ஆயில் வழியில் கட்டுப்படுத்தும் ஜெட், ஹெட்டின் பின்புறத்திலிருந்து சம்ப்புக்கு ஒரு வடிகால் குழாய், தடுப்பு வைத்த சம்ப் ஆகியவை டிராக் வண்டிக்குக் கட்டாயம். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆயில் மட்டத்தைச் சரியாக வைத்தாலே பெரும்பாலும் போதும்.

ஆர்33-இன் அசல் டர்போவில் எக்ஸாஸ்ட் சக்கரம் பீங்கான். 0.8 பாருக்கு மேல் தள்ளினால் அது தெறித்துவிடும். இக்னிஷன் காயில்கள் வயதாகி வெடிப்பு விட்டிருக்கும், பூஸ்ட்டில் திக்கும். ஆறு புதுக் காயில்களின் விலையையும் கணக்கில் சேருங்கள். டர்போ நிற்பது வலப்பக்கம் என்பதால், ஸ்டீயரிங் ஷாஃப்ட் சூடாகும் தலைவலி இங்கே வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள ஜப்பான், ஆஸ்திரேலியா வண்டிக்காரர்களுக்கு.

மவுன்ட், கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பர், அளவெடுத்துச் செய்த புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் புதிதாக வேண்டும். கியர் லிவர் வரும் இடம் மாறும். சம்ப், முன் கிராஸ்மெம்பருக்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று மவுன்ட் கிட் வாங்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் ஸ்கைலைனிலிருந்து எடுத்த, இதே குடும்பத்து ஆர்பி26 என்றால் முன் டிஃபரன்ஷியல் சம்ப்போடு சேர்ந்தே இருக்கும். அந்த சம்ப்பை முழுவதும் மாற்றியாக வேண்டும்.

## எஸ்ஆர்20டிஇடி: மூக்கு லேசாக வேண்டும் என்பவர்களுக்கு

நிசானின் எஸ்13 சில்வியாவில் வந்த 1,998 சி.சி. நான்கு சிலிண்டர். அலுமினிய பிளாக், 205 குதிரைசக்தி. இதன் உச்ச முறுக்குவிசையும் எல்28இடியைப் போல அதே 275 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் அது 4,000 சுற்றில் வரும். எல்28இடியில் 2,800-இல் வந்துவிடும். ஊருக்குள் ஓட்டும்போது இந்த 1,200 சுற்று வித்தியாசம் காலுக்கு நன்றாகவே தெரியும். மலைப்பாதையிலும் டிராக்கிலும் நிலைமை தலைகீழ். இன்ஜின் குட்டை, லேசு, பின்னால் தள்ளி உட்காரும். வளைவில் வண்டி திரும்பும் வேகத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வராது. முன்னால் மிச்சமாகும் இடத்தில் ரேடியேட்டரும் இன்டர்கூலரும் தாராளமாகப் பொருந்தும்.

கியரைத் தவறாக இறக்கிச் சுற்று எகிறிவிட்டால் ராக்கர் ஆர்ம் வால்விலிருந்து கழன்றுவிடும். இதுதான் இதன் பெயர்போன நோய். தடுப்புகள் கிடைக்கின்றன, ஹெட் கவரைத் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். அலுமினியம் என்பதால் ஒருமுறை கொதித்தால் ஹெட் வளைந்துவிடும். ஆறு சிலிண்டர் சத்தத்துக்காக இசட் வாங்கியவர் இதைப் போட்டு ஒரு வருடத்தில் வருத்தப்படுவார். எண்ணில் வராத விஷயம்தான் என்றாலும் சொல்லியாக வேண்டும்.

| | எல்28இடி | ஆர்பி25டிஇடி | எஸ்ஆர்20டிஇடி |
|---|---|---|---|
| உச்ச முறுக்குவிசை | 275 நி.மீ. / 2,800 | 294 நி.மீ. / 4,800 | 275 நி.மீ. / 4,000 |
| டைமிங் | செயின் | பெல்ட் | செயின் |
| மவுன்ட், ஷாஃப்ட் வேலை | மிகக் குறைவு | முழுவதும் புதிது | முழுவதும் புதிது |
| முதலில் உடைவது | பிஸ்டன் வரப்பு, ஹெட் கேஸ்கெட் | ஆயில் பம்ப் கியர், பேரிங் | ராக்கர் ஆர்ம் |
| அசலுக்குத் திரும்புதல் | எளிது | கடினம் | கடினம் |

## பாடி வேலை: மூன்று படிகள்

எஸ்30-இன் அடிப்பகுதியைப் படுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். முன்னாலிருந்து வரும் ஃபிரேம் ரெயில், இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலைத் தாண்டியதும் மெல்லிய யு வடிவத் தகடாகத் தரைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சீட்டுக்கு அடியோடு முடிந்துவிடுகிறது. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை அது தொடுவதே இல்லை. இடைவெளியை நிரப்புவது தரைத் தகடும் ராக்கர் பானலும்தான். துரு பிடிப்பதும் அந்த இரண்டிலேதான்.

### போல்ட்டில் பூட்டும் பார்கள்

முன், பின் ஸ்ட்ரட் டவர்களை (சஸ்பென்ஷனின் மேல்முனை பூட்டும் பாடிப் பகுதிகள்) இடமும் வலமும் இணைக்கும் கம்பிகள்தான் இந்தப் பார்கள். ஒரு நாள் வேலை, பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். முன்பக்கத்துக்கு இரண்டு டவரை மட்டும் இணைக்கும் நேர்க்கம்பியைவிட, ஃபயர்வாலுக்கும் சேர்த்து முக்கோணமாகப் பிடிப்பதையே வாங்குங்கள். டவர்கள் சாய்வதைத் தடுக்க முக்கோணம் வேண்டும். நடுவில் போல்ட் மூட்டு உள்ள பார்கள் அந்த மூட்டிலேயே ஆடும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது, இழுவையோ தள்ளலோ இல்லாமல் நீளத்தைச் சரிசெய்து முறுக்குங்கள். அசல் இன்ஜினுக்கும் அசல் பூஸ்ட்டில் ஓடும் எல்28இடிக்கும், துரு இல்லாத பாடியில் இது போதும்.

இந்தக் கட்டத்தில் பலர் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் யூரிதேனாக மாற்றுவார்கள். டென்ஷன் ராடில் மட்டும் கவனம். கிண்ணத்தின் இரண்டு பக்கமும் யூரிதேன் வைத்தால் ராடு அசைய இடமில்லாமல் மரை தொடங்கும் இடத்தில் வளைந்து வளைந்து ஒடிந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது ஒடிந்தால் சக்கரம் பின்னால் போய் முட்டும். முன்பக்கம் யூரிதேன், பின்பக்கம் ரப்பர் என்பதுதான் சரியான ஜோடி.

### ரெயில் மாற்றமும் தையல் வெல்டும்

காசுக்கு அதிகப் பலன் இங்கேதான். பழைய ரெயிலின் மேல் கவிழும் கெட்டியான புது ரெயில்கள் விற்கின்றன. அவற்றை நீட்டிப் பின் குறுக்குச் சட்டம் வரை கொண்டுபோய் இணைக்கும் துண்டையும் சேர்த்தே வாங்குங்கள். நீட்சி இல்லாத ரெயில் பாதி வேலைதான். டென்ஷன் ராடு கிண்ணத்தைச் சுற்றியும் ஒரு கெட்டித் தகடு கொடுங்கள்.

தையல் வெல்டு என்பது தொழிற்சாலை ஸ்பாட் வெல்டுகளுக்கு இடையே, 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெல்டு, 50 முதல் 75 மி.மீ. இடைவெளி என்று போட்டுக்கொண்டு போவது. ஸ்ட்ரட் டவர், ஃபயர்வால் விளிம்பு, ராக்கர் உட்புறம், பின் சஸ்பென்ஷன் சட்டம் ஆகிய இடங்கள் முக்கியம். பாடித் தகடு மெல்லியது, 0.6 மி.மீ. கம்பி போட்ட மிக் வெல்டர் போதும். தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போனால் தகடு சூட்டில் நெளியும். இடம், வலம், முன், பின் என்று தாவித் தாவிப் போடுங்கள். கதவுகளும் பின் மூடியும் மாட்டியே இருக்கட்டும். பாடியை நான்கு புள்ளியில் மட்டம் பார்த்துத் தாங்கி வைத்து, கதவு இடைவெளியை ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்து எழுதுங்கள். தொய்ந்த நிலையில் வெல்டிங் முடிந்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரம். பிறகு எந்த டிங்கரிங் வேலைக்கும் கதவு சரியாக மூடாது.

இதில் ஒளிந்திருக்கும் செலவு துருத் தடுப்பு. வெல்டின் சூடு பட்ட இடத்தில் உள்பக்கப் பெயின்ட் எரிந்திருக்கும். வெல்டிங்குக்கு முன் துத்தநாக பிரைமர், பின் சீம் சீலர், கடைசியில் பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுத் தெளிப்பு. இதைத் தவிர்த்தால் நான்கைந்து மழைக்காலத்தில் புது ரெயிலுக்கும் பழைய ரெயிலுக்கும் நடுவில் துரு பொங்கும்.

### ரோல் கேஜ்

விறைப்பில் இதற்கு ஈடு கிடையாது. போட்டி விதிகளில் முதன்மை வளையத்துக்கு 45 × 2.5 மி.மீ. குழாய், மற்றவற்றுக்கு 38 × 2.5 மி.மீ. என்பது வழக்கமான அளவு. ஆனால் தினமும் சாலையில் ஓட்டும் வண்டிக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது, சின்ன மோதலையும் உயிர்ப் பிரச்சினை ஆக்கிவிடும். டிராக்குக்கு மட்டும் போகும் வண்டி, ஹெல்மெட், பக்கெட் சீட், ஐந்து முனை பெல்ட் என்றால் தாராளமாகப் போடலாம். அப்போதும் ரெயில் வேலையை முடித்துவிட்டுப் போடுங்கள். துருப் பிடித்த தரையில் நிற்கும் கேஜ், விபத்தில் தரையைக் குத்திக்கொண்டு இறங்கும்.

## பட்டியலில் யாரும் எழுதாத செலவுகள்

இன்ஜின் விலையைப் போல இன்னொரு மடங்கு இங்கே போகும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

டிஃபரன்ஷியலிலிருந்து தொடங்குவோம். 240இசட்டில் இருப்பது சின்ன ஆர்180. டர்போவோடு திடீர் கிளட்ச் விட்டால் அதன் உள் கியர்கள் நீடிக்காது. 280இசட்டிலிருந்து ஆர்200 எடுங்கள். அதோடு அந்த வண்டியின் மீசை வடிவப் பின்சட்டமும் வேண்டும். 1971 நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் டிஃபரன்ஷியல் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கும் என்பதால் கூடுதல் பாகங்கள் தேவை. சக்கரத்துக்குப் போகும் ஸ்டப் ஆக்ஸில் 240-இல் 25 பல், 280-இல் 27 பல். தடிமனான 27-க்கு மாறுங்கள். டிஃபரன்ஷியல் மூக்கைப் பிடிக்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்தால் மூக்கு மேலே எழும்பி "டங்" என்று அடிக்கும். பலர் இதைப் பாடி நெளிவு என்று தவறாக நினைத்துப் பார்களை வாங்கிக் குவிக்கிறார்கள்.

எரிபொருள் அடுத்தது, மூன்று இன்ஜினையும் கொல்வது இதுதான். கார்புரேட்டர் காலத்து டேங்கில் தடுப்புகள் இல்லை. கால் டேங்குக்குக் கீழே நீண்ட வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும். பூஸ்ட்டில் ஒரு நொடி பெட்ரோல் குறைந்தாலும் பிஸ்டன் உருகும். சின்ன பம்ப் ஒன்று நிரப்பும் இரண்டு லிட்டர் துணை டேங்க், அதிலிருந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் அனுப்பும் பெரிய பம்ப், திரும்பும் குழாய் ஆகியவை வேண்டும். பிறவியிலேயே இன்ஜெக்‌ஷன் உள்ள 280இசட்டில் இந்த வேலை பாதியாகக் குறையும்.

பிரேக்குக்கு டொயோட்டா ஹைலக்ஸின் நான்கு பிஸ்டன் காலிபரைப் போடுவது பழகிய வழி. பூஸ்டருக்குப் போகும் வாக்கியூம் குழாயில் ஒரு வழி வால்வு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ அழுத்தம் பூஸ்டருக்குள் நுழைந்தால் பிரேக் கல்லாகிவிடும். டாட்சன் கியர்பாக்ஸையே வைத்துக்கொள்பவர்கள், கிளட்ச் பிரஷர் பிளேட் எந்த மாடலோ அதற்கு உரிய உயரத்தில் ரிலீஸ் காலரை வாங்க வேண்டும். தவறினால் கிளட்ச் விடாது. கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

## யாருக்கு எது

அசல் இன்ஜின் கையில் இருக்கிறது, பாடி சுத்தம், வாரக் கடைசியில் நெடுஞ்சாலையில் ஓட்டும் ஆசை என்றால் எல்28இடி, ஸ்ட்ரட் பார், ஆர்200. இன்டர்கூலரை முதல் நாளே போடுங்கள். எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். அவர்களுக்கு ஆர்பி வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

அசல் இன்ஜின் ஏற்கெனவே தொலைந்துவிட்டது, ரெயிலும் எப்படியும் மாற்ற வேண்டிய நிலை, 350 குதிரைசக்திக்கு மேல் வேண்டும் என்றால் ஆர்பி25. ரெயில், நீட்சி, தையல் வெல்டு மூன்றும் இல்லாமல் இதை இறக்காதீர்கள். ஃபயர்வால் மூலைகளிலும் ஸ்ட்ரட் டவர் அடியிலும் பெயின்ட் மயிரிழையாக வெடிப்பதுதான் பாடி நெளிகிறது என்பதற்கு முதல் அறிகுறி.

மலைப்பாதையும் டிராக் நாட்களும்தான் உயிர் என்பவருக்கு எஸ்ஆர்20. ரெயில் வேலையோடு, சாலைக்கு வராத வண்டி என்றால் கேஜும்.

இதே எஸ்30 வரிசையில் வந்த இசட்432 உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்யாதீர்கள். எஸ்20 இன்ஜினோடு வந்த அந்த வண்டிகள் மிகச் சிலவே.

எதைத் தேர்ந்தாலும் வேலை வரிசை ஒன்றுதான்: துரு வெட்டு, ரெயில், வெல்டிங், துருத் தடுப்பு, டிஃபரன்ஷியல், பிரேக், பெட்ரோல் லைன், கடைசியில் இன்ஜின். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்த முள் எழும்பும் வரை செல்ஃபில் சுற்றுங்கள். டர்போ பேரிங்குக்கு ஆயில் வந்து சேராமல் இன்ஜினை உயிர்ப்பிக்க வேண்டாம்.